எந்தக் கடலில் இருந்தும் வீட்டுக்கு

அப்புக்குட்டி,

அப்பா கடைக்குப் போயிருக்கிறார். பாலும் பூவும் வாங்கிக்கொண்டு வாறன் என்று சொல்லிப் போனார். வீட்டுவண்டிகள் தங்குகிற இந்த ஏரிக்கரைக் காம்பிங்கில் இருந்து கடை தூரம், வெயிலுக்குள் நடந்துதான் போனார். அவர் வருவதற்குள் உனக்கு இதை எழுதி முடிக்க வேண்டும். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு எழுத்து கெதியாய் வராது என்று உனக்குத் தெரியும்தானே. பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக் கேட்டு நீ தாளைக் கொண்டு வந்தால், என் எழுத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, உங்கடை எழுத்து குளிருக்கு நடுங்குது" என்று சிரிப்பாய். இண்டைக்கும் நடுங்குகிறது, குளிர் இல்லை. நீ போய் இரண்டு வருசமாகப் போகுது. செத்த பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிறாள் என்று சனம் சொல்லட்டும். உயிரோடு இருக்கிற ஒருவருக்கும் இதைச் சொல்ல எனக்கு ஏலாமல் இருக்கிறது. வின்டர்தூரில் இருக்கிற உன் மாமாவுக்குச் சொன்னால் அவன் அந்த நிமிசமே போன் எடுத்து அப்பாவிடம் கேட்டுவிடுவான். அப்பா சிரித்துச் சமாளிப்பார். அதற்குப் பிறகு நான் அவரோடு இந்த வண்டிக்குள் இருக்க முடியாது.

இந்த வண்டிக்கு அப்பா ஆசைப்பட்ட கதையில் நீயும் பங்காளி. இன்டர்லாக்கன் ஹோட்டல் குசினியில் அவர் சமையலுக்கு நின்ற அத்தனை வருசமும், அவருடைய ஜன்னலுக்குக் கார் நிறுத்துகிற இடம் மட்டும்தான் தெரிந்தது. மலை பார்க்க உலகமெல்லாம் இருந்து ஆக்கள் வந்து இறங்குவார்கள், அப்பாவுக்கு மலை தெரியாது, வோன்மொபில்களின் வெள்ளை முதுகுதான் தெரியும். படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளுக்கே இருக்கிற அந்த வீட்டுவண்டிகளைப் பார்த்துவிட்டு வந்து, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொல்லுவார்: "கிழவனும் கிழவியும் வெளியிலை கதிரையைப் போட்டிருந்து வைன் குடிக்குதுகள். நத்தை மாதிரி வீட்டை முதுகிலை கொண்டு திரியுதுகள். மேல்வீட்டுக்காரியின்ரை முறைப்பாடு இல்லை, உடுப்புத் தோய்க்க முறை பாத்திருக்கத் தேவையில்லை. பென்சன் எடுத்தால் நானும் நத்தைதான்." எனக்குப் பத்திக்கொண்டு வரும். "ஊரிலை சாமான் கட்டிக்கொண்டு ஓடினது காணாதோ? திரும்பவும் மூட்டையோ?" என்று கேட்பேன். நீ இடையில் விழுந்து, "அம்மா, அப்ப ஆமி துரத்தினது. இப்ப ஆர் துரத்துறது? நாங்கள் எங்கடை பாட்டிலை போவம்" என்பாய். வண்டி பார்க்கப் போன அன்று நீ முதலாவது வண்டியின் கட்டிலில் நீட்டி நிமிர்ந்து படுத்து, "அப்பா, என்ரை கால் வெளியிலை நிக்குது. இது சரி வராது" என்றாய். "நீ ஏன்டா எங்கடை கட்டிலிலை படுக்கிறாய்?" என்று அவர் ஏசினார். ஏசிவிட்டு, உன் கால் கொள்கிற மாதிரி நீளமான வண்டியாகத் தேடி எடுத்தார். அந்தக் கட்டிலில் நீ ஒரு நாளும் படுக்கவில்லை.

அந்தக் கோடை பற்றி உனக்கு நான் என்ன சொல்ல. வேலை முடிய உடுப்பைத் தண்ணீர் புகாத பையில் கட்டிக்கொண்டு ஆற்றில் மிதந்து போவது, நாங்கள் இருந்த துன்னில் வளர்ந்த பிள்ளைகளுக்கு விளையாட்டு. எத்தனையோ தரம் போய், தலை ஈரத்தோடு வந்து, "அம்மா, பசிக்குது" என்றவன்தான் நீ. அன்று மழை பெய்து ஆறு பெருகி இருந்தது. பை முதலில் கரைக்கு வந்தது. இதற்கு மேல் எழுத மாட்டேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு எல்லாரும் ஆற்றங்கரைக்கு வந்தார்கள். ஊரில் என்றால் கடல். இங்கே கடல் இல்லை, எங்கள் ஆக்கள் ஆற்றிலோ ஏரியிலோதான் சாம்பல் கரைக்கிறது. ஐயர் மந்திரம் சொல்லி முடித்து, "சாம்பல் முட்டியோடை தண்ணிக்குள்ளை இறங்குங்கோ" என்றார். அப்பா ஈர வேட்டியோடு உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார், இறங்கவில்லை. "இந்த ஆறுதானே எடுத்தது? எடுத்ததிட்டையே மிச்சத்தையும் குடுக்கச் சொல்லுறியளோ?" என்று கேட்டார். உன் மாமா கிட்டப் போய், "அத்தான், சனம் பாக்குது. செய்து முடியுங்கோ" என்றான். "சனத்தின்ரை பிள்ளையோ?" என்று சொல்லிவிட்டு அப்பா திரும்பி நடந்தார். வண்டியின் பின்சீற்றில் உன்னை இருத்தி, பெல்ற் போட்டார். ஐயர் என்னைத் தனிய கூப்பிட்டு, "கனநாள் வைச்சிருக்கப்படாதம்மா, எடுத்துச் சொல்லுங்கோ" என்றார். நான் எடுத்துச் சொன்னேன். "கடல் உள்ள இடத்திலை விடுவம். நல்ல கடலாப் பாத்து விடுவம்" என்றார் அப்பா. எனக்கும் அது நியாயமாய்த்தான் பட்டது.

பிறகு அவர் முன்கூட்டியே பென்சன் எடுத்தார். துன் வீட்டைக் கொடுத்தோம், கடிதங்கள் வர மாமா வீட்டு விலாசத்தைப் பதிந்தோம், உன் கட்டிலையும் அலுமாரியையும் ஆரோ வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். நாங்கள் நத்தையானோம். பார்க்கிறவர்களுக்கு அது பென்சன்காரரின் உல்லாசம். காம்பிங்கில் பக்கத்து வண்டிக் கிழவி ஒருத்தி உள்ளே எட்டிப் பார்த்து, துணி சுற்றிப் பெல்ற் போட்டிருந்த உன்னைக் காட்டி, "என்ன, கேக்கோ? இவ்வளவு பத்திரமாய்?" என்று கேட்டாள். "என்ரை மகன்" என்றார் அப்பா. அவள் பகிடி என்று நினைத்துச் சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். விடிய எழும்பிப் பார்த்தால் அவர்களுடைய வண்டி அந்த இடத்தில் இல்லை. அப்பாவுக்கு அதெல்லாம் கணக்கில்லை. ஓட்டிக்கொண்டு போகும்போது, "தம்பி, வளைவு வருது, பிடிச்சுக்கொள்" என்பார் பின்னுக்குப் பாராமல். முதலில் எனக்கு அழுகை வந்தது. பிறகு பழகிவிட்டது. இப்போது பயம் வருகிறது.

ஏனென்றால் ஒரு கடலும் அவருக்குப் பிடிக்கவில்லை. இத்தாலியில் ஒரு துறைமுகப் பக்கம் போனோம், தண்ணீரில் எண்ணெய் மிதக்குது என்றார். பிரான்சில் ஒரு கரைக்குப் போனோம். "உடுப்பில்லாமல் கிடக்கிற சனத்துக்கு நடுவிலையோ பிள்ளையை விடுறது?" என்று வண்டியைத் திருப்பினார். அங்கே எனக்கும் சிரிப்பு வந்தது, "உங்கடை மோன் ஒண்டும் நினையான், அவன் இஞ்சை பிறந்தவன்" என்றேன். அவரும் சிரித்தார். அதற்கு அடுத்த கடலில் அலையே இல்லை. உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தார். நடக்க நடக்க முழங்காலளவு தண்ணீர்தான். நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன், அவர் சின்ன உருவமாய்ப் போகிறார். கூப்பிட்டேன், கேட்கவில்லை. கனநேரத்துக்குப் பிறகு உன்னோடு திரும்பி வந்தார். "ஏன், அங்கை விட்டிருக்கலாம்தானே?" என்றேன். "ஆழம் காணாது" என்றார். அன்று அதை நான் பெரிசாய் எடுக்கவில்லை. சாம்பல் கரைக்க எவ்வளவு ஆழம் வேண்டும், அப்புக்குட்டி? முழங்கால் தண்ணீர் போதாதோ?

உனக்குக் கலியாணம் ஆகும்போது சொல்ல என்று சில புத்திமதிகள் வைத்திருந்தேன். அதில் ஒன்றையாவது சொல்லிவிடுகிறேன், வீணாய்ப் போகக் கூடாது. வீட்டில் சண்டை பிடிக்கிற மனிசருக்குப் பயப்படாதே. சண்டையை நிறுத்திய மனிசருக்குப் பயப்படு. அப்பா குசினிக்காரர். எங்கள் கலியாண வாழ்க்கை முழுக்க நான் சமைத்த கறியில் உப்பைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் அவர் சாப்பிட்டதில்லை. "இதென்ன, வைத்தியசாலைச் சாப்பாடோ?" என்பார், இல்லாவிட்டால், "கடலைக் கொண்டு வந்து சட்டிக்குள்ளை ஊத்தினனீரோ?" என்பார். நீயும் நானும் கண்ணைக் காட்டிச் சிரிப்போம். போன குளிர்காலத்தில் இருந்து அவர் ஒன்றும் சொல்வதில்லை. ஒரு நாள் வேண்டுமென்றே உப்பே போடாமல் பருப்பு வைத்தேன். சாப்பிட்டு முடித்துக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, "நல்லாயிருந்தது" என்றார்.

அந்தக் குளிர்காலம் துன்னுக்குப் பக்கத்தில் ஒரு பண்ணைக்காரரின் வளவில் வண்டியை விட்டிருந்தோம். அங்கேதான் அப்பா என்னை வண்டி ஓட்டப் பழக்கத் தொடங்கினார். இந்த வயதில் எனக்கு ஏன் என்று கேட்டேன். "எனக்குச் சீனி வருத்தம், எந்த நேரம் என்னாகும் எண்டு ஆருக்குத் தெரியும்? நீரும் பழகும்" என்றார். சரிதானே என்று நானும் ஆசையாய் இறங்கினேன். எழுத்துச் சோதினைக்கு ஜெர்மனில் படிக்க என்னால் ஏலாது, அவர் படங்களைக் காட்டிக் கேட்பார். "இது என்ன?" "மாடு." "மாடு எண்டு எழுதினா பாஸ் பண்ண மாட்டினம். மாடு வந்தா நீர் என்ன செய்வீர்?" "நிண்டு போகவிடுவன்." "அவ்வளவுதான். நீர் மாட்டுக்குக் குடுக்கிற மரியாதையை எனக்குத் தந்ததில்லை." இப்படிச் சிரித்துச் சிரித்துப் படித்து, இரண்டு தரம் தவறி, பிறகு பாஸ் பண்ணினேன். ஓட்டிப் பழகுகிறதுக்கான அட்டை கையில் கிடைத்த அன்று உன்னிடம்தான் முதலில் காட்டினேன், பெல்ற்றுக்குள் செருகி வைத்தேன். பண்ணைக்காரர் தன் காலி நிலத்தைத் தந்தார். நான் பசுத்தொழுவப் பக்கம் திரும்பினால், "லங்ஸாம், லங்ஸாம்" என்று, மெல்லப் போகச் சொல்லி இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடி வருவார்.

ஓட்டுவதோடு நிற்கவில்லை. காஸ் போத்தல் மாத்த, கக்கூஸ் பெட்டியைக் கழற்றி ஊற்ற, தண்ணீர் நிரப்ப, பட்டறியை நிறுத்த, எல்லாம் என்னைச் செய்யச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்தார். காம்பிங் ஆக்களிடம் என்ன சொல்லிக் கேட்பது என்று சொல்லித் தந்தார். அவர் தன் காசில் வாங்கி, ஒருவரையும் தொட விடாமல் வைத்திருந்த குசினிக் கத்திகளை மாமாவிடம் கொடுத்தார். "ஏனத்தான், வேண்டாமோ?" என்று அவன் கேட்க, "இனி எனக்கு என்னத்துக்கு" என்றார். பிறகு ஒரு நாள் வண்டியில் வழி காட்டுகிற திரையில் மாமா வீட்டு விலாசத்தைப் பதிந்து, அதற்கு வீடு என்று பெயர் வைத்தார். "இதை ஒருக்கா அமத்தினாக் காணும். இந்தப் பொம்பிளை கதைச்சுக் கதைச்சு, எந்தக் கடலிலை இருந்தும் உம்மை வின்டர்தூருக்குக் கொண்டு போய் விடுவாள்" என்றார். எந்தக் கடலில் இருந்தும். உம்மை. நான் அவருடைய முகத்தைப் பார்த்து, "ரெண்டு பேரும்தானே வருவம்?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியைச் சரி செய்தார். சரியாய் இருந்த கண்ணாடியை.

அன்றிலிருந்து எனக்கு வண்டி ஓட்ட மறந்து போனது. எனக்கு ஒருவரும் இதைச் சொல்லித் தரவில்லை, நானாய்க் கண்டுபிடித்தது. நான் ஓட்டப் பழகி முடிந்தால் அவருடைய வேலை முடிந்துவிடும். முடியாவிட்டால் என்னைத் தெருவில் விட்டுவிட்டு உனக்குப் பின்னால் போக அவருக்கு மனம் வராது. அதனால் கிளச்சைச் சட்டென்று விட்டு வண்டியை நிற்பாட்டினேன். முன்னுக்குப் போகச் சொன்னால் பின்னுக்குப் போட்டேன். பண்ணைக்காரரின் வேலிக் கட்டை ஒன்றையும் முறித்தேன். "நேற்று நல்லா ஓடினீர், இண்டைக்கு என்ன?" என்று கேட்பார். "வயசு போட்டுது, மண்டைக்குள்ளை நிக்குதில்லை" என்பேன். அவர் ஏசவில்லை. பொறுமையாய், முதலில் இருந்து, கிளச், கியர் என்று தொடங்குவார். அந்தப் பொறுமைதான் என்னைக் கொன்றது. உனக்குச் சைக்கிள் பழக்கும்போது எப்படிக் கத்தினவர்! இப்படியே குளிர்காலத்தைக் கடத்தினேன். பனி உருகியது, வீதிகள் திறந்தன, நான் இன்னும் ஓட்டத் தெரியாதவளாய் இருந்தேன். ஒரு கிழமை, இன்னொரு கிழமை என்று அவரை நிற்க வைத்திருந்தேன். எனக்கு அது பெருமையாய்க் கூட இருந்தது.

நேற்று அது உடைந்தது. கடலுக்குப் போவம் என்று விடிய வெளிக்கிட்டார். கொட்ஹார்ட் சுரங்கத்துக்குள்ளால் போகாமல் மலைக்கு மேலால் போனார், "தம்பி மலையைப் பாக்கட்டும்" என்று. புறப்பட முதல் ரொட்டி சுட்டுக் கொடுத்தேன், சீனிக்கு ஊசி போட்டார், கோப்பையை எடுத்துக்கொண்டு முன்னுக்குப் போனார், சாப்பிட்டார் என்றுதான் நினைத்தேன். மேலே பனிப்புகார் மூடி இருந்தது. ஒரு வளைவில் வண்டி மெல்ல மெல்லப் போய் நின்றது. பார்த்தால் வேர்த்து ஒழுகுது, கை நடுங்குது, கண் எங்கேயோ போகுது. சீனி இறங்கிவிட்டது. நாங்கள் நின்றது வளைவுக்கு நடுவில். பின்னால் வருகிறவனுக்குப் புகாருக்குள் எங்களைத் தெரியாது. அவருடைய வாய்க்குள் தோடம்பழச் சாற்றை ஊற்றினேன், ஆளைப் பக்கத்துச் சீற்றுக்கு இழுத்தேன், நான் ஏறி இருந்தேன். அப்புக்குட்டி, யோசிக்க நேரம் இருக்கவில்லை. இருந்திருந்தால் அங்கேயும் நடித்திருப்பேனோ தெரியாது. சிக்னல் போட்டு, கண்ணாடி பார்த்து, வளைவெல்லாம் எடுத்து, வாகனங்கள் நிறுத்துகிற இடத்தில் வெள்ளைக் கோட்டுக்குள் கொண்டு போய் நிறுத்தினேன்.

தெளிந்த பிறகு அவர் வெள்ளைக் கோட்டைத்தான் முதலில் பார்த்தார். பிறகு என்னை. "கியர் மாத்தின சத்தமே கேக்கேல்லை" என்றார். "பயத்திலை வந்தது" என்றேன். அவர் சிரித்தார். நீ போனதற்குப் பிறகு அப்படி மனம் விட்டு அவர் சிரித்து நான் கண்டதில்லை. "கெட்டிக்காரி. அந்த வேலிக் கட்டைக்கு மட்டும் மனுசனிட்டை மன்னிப்புக் கேட்டிருக்கலாம்" என்றார். பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்து, "இனிப் பயமில்லை. நாளையிண்டைக்குக் கடலுக்குப் போகலாம்" என்றார். அவர் இறங்கிக் காற்று வாங்கப் போக, கதவுப் பையில் கடுதாசி சுற்றி ஒன்று இருந்தது. எடுத்துப் பார்த்தேன். நான் சுட்ட ரொட்டி. ஒரு கடி கூடக் கடிக்கவில்லை. ஊசியைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் மலைக்கு ஏற்றியிருக்கிறார். மறந்தாரோ, என்னைச் சோதித்தாரோ, அந்த வளைவிலேயே எல்லாம் முடியட்டும் என்று விட்டாரோ, நான் கேட்கவில்லை. கேட்டு அவர் உண்மையைச் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்?

இண்டைக்கு இங்கே, இத்தாலி எல்லைக்கு இந்தப் பக்கம், இந்த ஏரிக்கரையில் நிற்கிறோம். காலமை முகம் வழித்தார். அந்தியேட்டி அன்று கட்டியிருந்த வேட்டியைத் தோய்த்துக் கயிற்றில் போட்டார், இப்போது எனக்கு முன்னால் ஆடிக்கொண்டு இருக்கிறது. "நானும் உங்களோடை தண்ணிக்குள்ளை இறங்கிறன், கையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்" என்றேன். "வேண்டாம். ஒருத்தர் வண்டியிலை இருக்கோணும்" என்றார். "ஏன் இருக்கோணும்? வண்டியை ஆர் கொண்டு போகப் போயினம்?" அதற்கு அவர், "பால் வாங்கோணும், பூ வாங்கோணும்" என்று சொல்லிக்கொண்டு எழும்பிப் போனார்.

அதனால் ஒன்று செய்யப் போகிறேன். அவர் உன்னை என்னிடம் தனிய விட்டுப் போனது இதுதான் முதல் தரம். நான் ஓட்டத் தெரிந்தவள் என்று கண்ட பிறகு அவருக்கு என்னில் நம்பிக்கை வந்துவிட்டது. நான் உன் பெல்ற்றைக் கழற்றிவிட்டேன். நீ இப்போது என் மடியில் இருக்கிறாய், உன்மேல் தாளை வைத்துத்தான் எழுதுகிறேன். எங்கள் ஆக்களில் பொம்பிளைகள் இதைச் செய்கிறதில்லை. நான் செய்தால் உனக்கு வந்து சேருமோ, ஐயர் என்ன சொல்லுவார், சனம் என்ன சொல்லும், ஒன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் மலைக்கு இந்தப் பக்கத்துத் தண்ணீர் வேறு பக்கம் ஓடுகிறது, அந்த ஆற்றோடு இதற்குச் சொந்தமில்லை. அப்பாதான் ஒருக்கால் சொன்னவர். இது உன்னைத் தொட்டதில்லை. கரையில் கல் இருக்கிறது, முழங்காலளவில் தெளிவாய்த் தெரிகிறது. எனக்கு அது போதும்.

கொண்டு போக உன் சாம்பல் இல்லாவிட்டால் அவருக்குக் கடலுக்குப் போக ஒரு காரணமும் இருக்காது. அப்படித்தான் நினைத்து எழும்புகிறேன். அவர் வந்து வெறும் சீற்றைப் பார்த்து என்னை அடிக்கட்டும், இவ்வளவு காலத்துக்குப் பிறகு கையை நீட்டட்டும், என்னோடு கதைக்காமல் விடட்டும். உப்புக் காணாது என்று கத்தினால் கோயிலுக்குப் படையல் வைப்பேன். ஆனால் வேட்டி காய்ந்துவிட்டது, அப்புக்குட்டி. நீ மடியில் இருந்தும் எனக்கு அந்த வேட்டியைப் பார்க்கப் பயமாய் இருக்கிறது. காம்பிங் வாசலில் வெள்ளைச் சேட்டுப் போட்ட ஆள் ஒருவர் வருகிறார், அவர்தானோ வேறு ஆரோ இங்கிருந்து தெரியவில்லை. நான் இறங்குகிறேன். உன்னைப் பெற்றவள் என்ற ஒரே உரிமையோடு கேட்கிறேன். நான் உன்னை இஞ்சை விடுகிறேன், ராசா, நீ அவரை விடுவியோ?